ரிசப்ஷன் தொட்டியில எதுக்கு நீலக் கல்?

நம்ம மெயின் பிளாக் ரிசப்ஷன்ல ஒரு மீன் தொட்டி இருக்கே, அதை எத்தனை பேர் நின்னு பார்த்திருக்கீங்க? ஃபீஸ் கட்ட வரிசையில நிக்கும்போதாவது கண்ணுல பட்டிருக்கும். நாலடி தொட்டி. அடியில கண்ணைப் பறிக்கிற நீலக் கல், நடுவுல வாயைத் திறந்து திறந்து மூடுற பிளாஸ்டிக் புதையல் பெட்டி, பின்கண்ணாடியில பவளப்பாறை ஸ்டிக்கர். உள்ளே ஆறு கோல்ட்ஃபிஷ். கோல்ட்ஃபிஷ் நன்னீர் மீன், அதோட ஏழேழு தலைமுறையும் பவளப்பாறையைப் பார்த்திருக்காது. சரி, அதை விடுங்க.

போன மாசம் ஒரு போனஃபைடு சர்டிஃபிகேட்டுக்காக அங்க முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன் மட்டும் மூலையில வாயைத் திறந்தபடியே நின்னுட்டிருந்தது. மூடவே இல்ல. செக்யூரிட்டி அண்ணாகிட்ட சொன்னேன். அவர் பதறவே இல்ல. "கல்லு மாட்டிக்கிச்சும்மா, அப்பப்ப ஆகும்"னு சொல்லிட்டு, கையை நனைச்சு மீனைப் பிடிச்சு, தாடைக்குக் கீழே மெதுவா அழுத்தி, கல்லை வெளியே எடுத்தார். பட்டாணி சைஸ் நீலக் கல். அதை மறுபடியும் தொட்டிக்குள்ளயே போட்டுட்டார். அவர் மேல தப்பு இல்ல. அவரோட வேலையே அது இல்ல.

இந்தக் கட்டுரை அந்த நீலக் கல்லை எடுத்துட்டு மணல் போடணும்னு கேட்கத்தான். ஆனா நான் சிவில் ஃபைனல் இயர். மணலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா தொட்டியோட நிறுத்த முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஸ்கூல்ல தமிழ் எனக்கு மார்க் வாங்குற பாடமா மட்டும்தான் இருந்தது, அதனால எழுத்துப் பிழை இருந்தா அதையும் பொறுத்துக்கோங்க.

கோல்ட்ஃபிஷ் கெண்டைக் குடும்பத்து மீன். கெண்டை என்ன பண்ணும்? அடியில இருக்கிற மண்ணை ஒரு வாய் அள்ளும், உள்ள வச்சு அலசும், சாப்பிட எதாவது இருந்தா முழுங்கும், மீதியைத் துப்பும். நாள் முழுக்க இதுதான் அதுக்கு வேலை, பொழுதுபோக்கு எல்லாம். அடியில மணல் இருந்தா இதுல எந்தச் சிக்கலும் இல்ல. பட்டாணி சைஸ் கல் இருந்தா? வாய்க்குள்ள போகிற அளவு, ஆனா சுலபமா வெளியே வராத அளவு. மீன் பிடிக்கத் தூண்டில் செய்யச் சொன்னாக்கூட இவ்வளவு பொருத்தமா யாரும் செய்ய மாட்டாங்க.

இதெல்லாம் பிறக்கும்போதே தெரிஞ்சு வந்தவ மாதிரி பேசுறேன். உண்மையில ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் கலர் கல் கட்சிதான்.

செகண்ட் இயர்ல, ட்யூஷன் எடுத்த காசுல கொளத்தூர் போய் ஒரு ரெண்டடி தொட்டி வாங்கினேன். சென்னையில அலங்கார மீன்னா கொளத்தூர்தான், தெரு தெருவா மீன் கடை. பெருங்குடியில இருந்து அங்க போறது ஊரோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்குப் போற மாதிரி. கடைக்காரர்கிட்ட "மணல் போடலாமா"ன்னு கேட்டேன். "மணல் போட்டா நாறிடும்மா, கல் போடுங்க, பார்க்க அழகா இருக்கும்"னார். மூணு கிலோ சிவப்புக் கல் வாங்கினேன். மூணு மாசத்துல சிவப்பு உதிர்ந்து வெள்ளை தெரிஞ்சது. அந்தச் சாயம் எங்க போயிருக்கும்னு யோசிச்சா வயித்தைக் கலக்குச்சு. கல் இடுக்குல தீனியும் மீன் கழிவும் போய் உட்கார்ந்துக்கும். சைஃபன் பைப்பை விட்டுக் கிளறினா தொட்டி முழுக்கச் சாம்பார்.

அப்புறம்தான் அயிரை வந்தது.

எங்க அம்மாவுக்குச் சோழவந்தான். வைகைக் கரை ஊர், வெத்தலைக் கொடிக்கால் ஊர். பொங்கல் லீவுக்குப் போனப்போ பெரியம்மா அயிரைக் குழம்பு வைக்கிறதுக்காக உயிர் மீன் வாங்கி வச்சிருந்தாங்க. மதுரைப் பக்கம் அயிரைக் குழம்புக்கு இருக்கிற மரியாதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இருக்காது. அந்த மீனைக் கழுவுறதுக்கு முன்னாடி பெரியம்மா ஒரு காரியம் செஞ்சாங்க. தேங்காய்ப்பால்ல கொஞ்ச நேரம் உயிரோட விட்டாங்க. "எதுக்கு பெரியம்மா?"ன்னு கேட்டேன்.

"மண்ணத் திங்கிற மீனுடி இது. வயித்துக்குள்ள மணலு கெடக்கும். பால்ல விட்டா அம்புட்டையும் கக்கிரும். இல்லேன்னா கொழம்பு நறநறன்னு இருக்கும்."

அயிரையோட வாழ்க்கை வரலாறு மொத்தமும் அந்த நாலு வரியில இருக்கு. அறிவியல் பேர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். மணல்ல வாயை வச்சு, உள்ள இழுத்து, இரையை எடுத்துக்கிட்டு மணலைச் செவுள் வழியா விட்டுடும். பயந்தா ஒரே துள்ளல்ல மணலுக்குள்ள போயிடும், கண்ணு ரெண்டு மட்டும் வெளியே தெரியும். அந்தப் பேரைப் பத்தி ஒரு விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ல 'அயிர்'னு தேடினா ஒரு பொருள் 'நுண்மணல்'னு இருக்கு. அயிர், அயிரை. நான் மொழி ஆராய்ச்சி பண்றவ இல்ல, ஆனா இது தற்செயலா இருக்கும்னு எனக்குத் தோணல.

குழம்புக்குப் போகாம எட்டு மீனைக் கெஞ்சி வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல பாதித் தண்ணி பாதிக் காத்துன்னு கட்டி, பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன். டி.டி.ஆர். ஒரு மாதிரி பார்த்தார். தொட்டியில விட்டேன். எட்டும் கல் மேல அலைஞ்சது. மூக்கை விட்டு விட்டுப் பார்த்தது, எங்கயும் இறங்க இடமில்ல. பகல் பூரா ஃபில்டர் பின்னாடி ஒண்டிக்கிட்டு நின்னது. நாலாவது நாள் ரெண்டு மீன் மூடி இடுக்குல துள்ளி வெளியே விழுந்து செத்துக் கிடந்தது. குழம்புல போயிருந்தாவது பெரியம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

மணல் வேணும்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன். மணல் எங்க கிடைக்கும்? இது ஒரு கேள்வியான்னு தோணும். பெருங்குடியில எங்க தெருவுலயே மூணு அபார்ட்மென்ட் எழும்புது, ரோட்டை அடைச்சு மலை மாதிரி கொட்டி வச்சிருக்காங்க. மேஸ்திரி அண்ணன்கிட்ட கேட்டேன், "அரை மூட்டை எடுத்துக்கம்மா"ன்னார். வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கெட்ல கழுவுறேன், கழுவுறேன், இருபது தடவைக்கு மேல கழுவிட்டேன், தண்ணி பால் மாதிரிதான் வருது. அது எம் சாண்ட். கருங்கல்லை உடைச்சுப் பொடிச்சது. நாம லேப்ல தினம் பார்க்கிறதுதானே, எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும். வீட்டுக்குப் பின்னாடி கொட்டிக் கிடந்தா மண்டையில ஏற மாட்டேங்குது.

ஒரு சிட்டிகை எடுத்து லேப்ல லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு துகளும் உடைஞ்ச கண்ணாடி மாதிரி முனை முனையா இருந்தது. காங்கிரீட்டுக்கு அது நல்லது, ஒண்ணை ஒண்ணு கவ்விப் பிடிக்கும். மீசையும் மெல்லிசான வாயும் வச்சு நாள் பூரா மண்ணைத் துழாவுற மீனுக்கு அது ஆகுமா? ஆத்து மணல் துகள் அப்படி இருக்காது. பல வருஷம் தண்ணியில உருண்டு முனை மழுங்கியிருக்கும். பாலைவன மணல் காத்துல இன்னும் அதிகமா உருண்டு, ரொம்பவே வழவழன்னு ஆகி, காங்கிரீட்டுக்கே லாயக்கில்லாம போயிடும். அதான் பாலைவனத்துல உட்கார்ந்திருக்கிற நாடுகளும் கட்டடம் கட்ட வெளியே மணல் வாங்குறாங்க.

"பக்கத்துலதானே திருவான்மியூர் பீச், ரெண்டு பை அள்ளிட்டு வா"ன்னு என் கிளாஸ் பையன் ஒருத்தன் யோசனை சொன்னான். மக்களே, பண்ணாதீங்க. கடற்கரை மணல் அள்ளுறது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படியே கூடாது. அதோட கடல் மணல்ல உப்பு இருக்கு, அதைக்கூடக் கழுவிடலாம். கிளிஞ்சல் தூளைக் கழுவ முடியாது. அது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணியோட கடினத்தன்மையையும் பி.ஹெச்.சையும் ஏத்திக்கிட்டே இருக்கும். நம்ம ஏரியா போர் தண்ணி ஏற்கெனவே பக்கெட்ல வெள்ளைக் கோடு போடுற தண்ணி, அதுக்கு இது வேற எதுக்கு. எந்த மணல் கிடைச்சாலும் ஒரு ஸ்பூன் எடுத்து மேல எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்க. நுரைச்சா வேண்டாம்.

கடைசியா எனக்குக் கிடைச்சது, குடிநீர் பிளான்ட்களுக்கு ஃபில்டர் மீடியா விக்கிற ஒரு கடையில. வாட்டர் சப்ளை பேப்பர்ல நாம படிக்கிற அதே ஃபில்டர் மணல், சிலிக்கா. லேப் அண்ணாகிட்ட அனுமதி கேட்டு சல்லடை அடுக்குல போட்டு ஆட்டினேன். பெரும்பகுதி 1.18 மில்லிமீட்டர் சல்லடையில இறங்கி 600 மைக்ரான்ல நின்னது. நம்ம மண் வகைப்பாட்டுல 0.425-ல இருந்து 2 மில்லிமீட்டர் வரை நடுத்தர மணல், அந்தக் கணக்குல இது நடு நடுத்தரம். 300 மைக்ரானுக்குக் கீழே போற தூசி கிட்டத்தட்ட இல்ல. அந்தத் தூசிதான் கெட்டியா படிஞ்சு இறுகும், ஃபில்டர் மோட்டாருக்குள்ள போய் அதைக் கொல்லும். என் நாலு வருஷ லேப்ல மனசார, யாரும் சொல்லாம பண்ணின ஒரே சல்லடைச் சோதனை அதுதான்.

நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினேன். ஒரு தட்டை மேல வச்சு அதுல தண்ணியை ஊத்தினா மணல் கலையாது. மிச்சம் இருந்த ஆறு அயிரையை விட்டேன். முதல் மீன் கீழே போச்சு, ஒரு உதறு, காணோம். அஞ்சு நிமிஷத்துல ஆறும் காணோம். அம்மா வந்து பார்த்துட்டு "எல்லாம் செத்துப் போச்சா?"ன்னாங்க. கண்ணாடிக்கிட்ட முகத்தை வச்சுத் தேடினா மணல்ல இருந்து சின்னதா ஒரு ஜோடிக் கண்ணு எங்களைப் பார்த்துட்டு இருந்தது.

இப்போ அந்தக் கடைக்காரர் சொன்ன 'நாறிடும்' விஷயத்துக்கு வரேன், ஏன்னா எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்றாங்க, அது முழுப் பொய்யும் இல்ல. மணல் ரொம்ப ஆழமா, ரொம்ப நைஸா இருந்தா அடியில ஆக்ஸிஜன் போகாது. அந்த இடத்துல வாழுற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும், அழுகின முட்டை நாத்தம். கண்ணாடி ஓரமா கறுப்புப் பட்டை தெரியும், அது இரும்பு சல்ஃபைடு. அந்த வாயு மீனுக்கு விஷம்தான். ஆனா மூணு நாலு சென்டிமீட்டர் நடுத்தர மணல்ல அந்த நிலைமை வர்றது கஷ்டம். அயிரை மாதிரி மீன் தினமும் உழுதுட்டே இருக்கும். நம்ம ஊர் ஏரி குளத்துல கூம்பு மாதிரி நீளமா ஒரு நத்தை கிடைக்குமே, அதுல பத்து விட்டா ராத்திரி முழுக்க மணலுக்குள்ள ஏர் ஓட்டும். மேல படியிற கழிவை வாரம் ஒருக்கா பைப்பை மணலுக்கு ஒரு விரல் மேல பிடிச்சு உறிஞ்சி எடுத்துடலாம். கல்லுல அந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாம இடுக்குல இறங்குது, மணல்ல மேலயே கிடக்குது. அழுக்கு தெரியுதுன்னு மணலைத் திட்டுறோம்.

அதைவிட முக்கியமா, ஒவ்வொரு மணல் துகள் மேலயும் ஒரு பாக்டீரியாப் படலம் வளருது. மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியாவை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துறது அதுங்கதான். துகள் சின்னதானா மொத்தப் பரப்பு கூடும், குடியிருக்கிற பாக்டீரியாவும் கூடும். இதை மீன் வளர்க்கிறவங்க கண்டுபிடிக்கல. ஊருக்கே தண்ணி குடுக்கிறவங்க எப்பவோ பயன்படுத்தினது. 1804-ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லி ஊர்ல மணல் வழியா வடிகட்டின தண்ணியை வித்தாங்க, 1829-ல லண்டன் செல்சீயில பெரிய அளவுல கட்டினாங்க. 1892-ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல காலரா வந்து எட்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டியே இருந்த ஆல்டோனா ஊரும் அதே எல்ப் ஆத்துத் தண்ணியைத்தான் குடிச்சது, அதுவும் ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு வர்ற தண்ணியை. ஆனா ஆல்டோனாவுல மணல் வடிகட்டி இருந்தது, ஊர் தப்பிச்சது. நம்ம கீழ்ப்பாக்கத்துல 1914-ல திறந்த வாட்டர் ஒர்க்ஸ்லயும் இதே மெது மணல் வடிகட்டிகள்தான். மெட்ராஸ் தண்ணியைச் சுத்தம் பண்ணினதுல பாதி வேலை அந்த மணல்ல குடியிருந்த பாக்டீரியாவோடது.

அதனால மணலை வெறும் பரப்பி வைக்கிற பொருளா என்னால இப்போ பார்க்க முடியல. அது ஒரு குடியிருப்பு. அங்கதான் எனக்கு உறுத்த ஆரம்பிச்சது.

போன சித்திரைக்கு மறுபடி சோழவந்தான் போனேன். பெரியம்மாகிட்ட இன்னும் நாலு அயிரை கேட்டேன். "இப்பல்லாம் ஆத்து அயிரை எங்கடி கிடைக்குது, கம்மாய்ல கிடைச்சா உண்டு. என்ன வெலைங்கிற?" அப்படின்னாங்க. சாயங்காலம் ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க சின்ன வயசுல கோடையில ஆத்துல கையால ஊத்துத் தோண்டி, தெளிய விட்டு, அகப்பையால மொண்டு குடத்துல ஊத்துவாங்களாம். கணுக்கால் புதையிற மணலாம். இப்போ நான் பார்த்த இடத்துல பாறையும் களிமண்ணும், நடுவுல சீமைக் கருவேலம். மணல் அங்கங்க திட்டு திட்டா இருந்தது.

ஊத்துல தண்ணி வந்ததுக்குக் காரணம் நம்ம சாயில் மெக்கானிக்ஸ் பேப்பர்லயே இருக்கு. மணல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல காலியிடம். ஒரு கன மீட்டர் மணல் படுகை முந்நூறு லிட்டருக்கு மேல தண்ணியை வெயில்ல காயவிடாம உள்ள பிடிச்சு வைக்கும். மேல ஆறு காஞ்சு கிடந்தாலும் கீழே தண்ணி இருக்கும், அதுல அயிரைக்கும் ஊருக்கும் பங்கு இருக்கும். மணலை எடுத்தா அந்தத் தொட்டியே போச்சு.

எடுக்கக் கூடாதுன்னு சொல்ல சட்டம் இல்லாம இல்ல. 2003-ல இருந்து தமிழ்நாட்டுல ஆத்து மணல் குவாரியை அரசே நடத்துது. 2012-ல தீபக் குமார் வழக்குல, அஞ்சு ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2017 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாநிலத்துல இருக்கிற எல்லா மணல் குவாரியையும் ஆறு மாசத்துல மூடச் சொல்லுச்சு, அது அப்புறம் மேல்முறையீடுன்னு போயிடுச்சு. அதே வருஷம் மலேசியாவுல இருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல்ல மணல் வந்து இறங்குச்சு. காவிரி, வைகை, தாமிரபரணி, பாலாறுன்னு இத்தனை ஆறு இருக்கிற ஊருக்குக் கப்பல்ல மணல். உலகம் மொத்தமும் வருஷத்துக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்குதுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல சொல்லியிருக்கு.

உடனே ஒருத்தர் கேட்பீங்க, "நீயும்தானே மணல் வாங்கித் தொட்டியில போட்டிருக்க?" கேளுங்க. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். என் ரெண்டடி தொட்டிக்கு, அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர், நாலு சென்டிமீட்டர் உயரம்னா 7.2 லிட்டர், சுமார் பதினோரு கிலோ. லாரிக்காரங்க கணக்குல ஒரு யூனிட்ங்கிறது நூறு கன அடி, அதாவது 2,830 லிட்டர். ஒரே ஒரு யூனிட்ல என் தொட்டி மாதிரி 390 தொட்டி நிரப்பலாம். தொட்டி மணலை எத்தனை தடவை வேணும்னாலும் அலசித் திரும்பப் போடலாம், நான் மீன் வளர்க்கிறதை விட்டாலும் ஜூனியருக்குக் குடுத்துடலாம். சுவத்துக்குள்ள போன மணல் திரும்பி வராது. அதுக்காக நான் சுத்தம்னு சொல்லல. அந்த சிலிக்கா மணலும் மரக்காணம் பக்கம் எங்கயோ தோண்டினதுதான்னு கடைக்காரரே சொன்னார். ஆனா வாங்கும்போது 'இது எங்க இருந்து வருது'ன்னு கேட்டேன். நாலு வருஷ சிவில் படிப்புல, ரெண்டு இன்டர்ன்ஷிப்ல, அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல. சைட்ல லோடு வந்தா நாங்க பார்க்கிறது மூணு விஷயம்: சில்ட் எவ்வளவு, பல்க்கிங் எவ்வளவு, ஜோன் ரெண்டா மூணா. ஒரு சைட்ல, பேர் வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த லோடு மணல் ஈரமா, சின்னச் சின்னச் சிப்பியோட, வெளிச்சத்துல மினுமினுன்னு இருந்தது. எம் சாண்ட் இல்லேன்னு முதல் பார்வையிலயே தெரிஞ்சது. ரெஜிஸ்டர்ல எம் சாண்ட்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். இருபத்தோரு வயசு, இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் வேணும், எழுதிட்டேன். அது இன்னும் மனசுல கிடக்குது.

நம்ம சிலபஸ்ல மணல் வர்ற இடங்களை எண்ணிப் பார்த்தேன். கட்டுமானப் பொருள் பேப்பர்ல நுண் ஜல்லி. சாயில்ல ஒரு வகை. வாட்டர் சப்ளையில ஃபில்டர் மீடியா. எங்கயும் அதுக்குள்ள ஒரு உயிர் இருக்கும்னு ஒரு வரி கிடையாது, மெது மணல் வடிகட்டிப் பாடத்துல அந்தப் பாக்டீரியாப் படலம் ரெண்டு மார்க் கேள்வியா வர்றதைத் தவிர. ஒரு வருஷம் கழிச்சு நாமதான் சைட் இன்ஜினியர். லோடுக்குக் கையெழுத்துப் போடப் போறவங்க நாமதான். மணல்ல மீன் வாழுறதைக் கண்ணால பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போடுறதுக்கும் பார்க்காத ஒருத்தர் போடுறதுக்கும் வித்தியாசம் இருக்கும்னு நான் நம்புறேன். இது அப்பாவித்தனமா தோணலாம். எனக்கு வித்தியாசம் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதனால ரிசப்ஷன் தொட்டி. தினம் ஆயிரம் பேர் கடந்து போற இடம். நாலடிக்கு ஒன்றரை அடி, நாலு சென்டிமீட்டர் உயரம்னா முப்பத்திரண்டு கிலோ மணல் போதும். நீலக் கல்லையும் புதையல் பெட்டியையும் எடுத்துடலாம். கோல்ட்ஃபிஷ்ஷை மாத்தணும்னு நான் சொல்லல, மணல் போட்டா அதுங்களே வேற மீன் மாதிரி ஆகிடும், பாருங்க, நாள் பூரா தலைகீழா நின்னு துழாவும். வாலிஸ்னேரியா நாலு நட்டா பின்னாடி ஸ்டிக்கரும் தேவைப்படாது. மணல்ல சத்து கிடையாது, அதனால வேர்கிட்ட மாசம் ஒரு உர மாத்திரை வைக்கணும், அதை நான் பார்த்துக்கிறேன். ஒரு விஷயம், அந்தத் தொட்டியில 'டேங்க் க்ளீனர்'னு ஒரு சக்கர் மீன் விடலாம்னு ஆஃபீஸ்ல ஒருத்தர் சொல்லிட்டிருந்தார். தயவுசெஞ்சு வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல வளரும், வளர்ந்ததும் யாராவது ஏரியில கொண்டு போய் விட்டுடுவாங்க, ஏற்கெனவே நம்ம நீர்நிலைகள்ல அது பரவியிருக்கு. எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் கட்டடம்னு அதுக்கு ஏற்கெனவே போதும் போதும்னு இருக்கு.

ஹெச்.ஓ.டி. சார்கிட்ட பேசிட்டேன். "ஆஃபீஸ்ல லெட்டர் குடுங்க, அவங்க ஓகே சொன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னார். லெட்டர் எழுதியாச்சு, இதுவரைக்கும் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, லேப் வாசல்ல ஒட்டியிருக்கேன், நீங்களும் போடுங்க. மணலுக்கு என் தொட்டிக்கு வாங்கினதுல மிஞ்சின எட்டு கிலோ இருக்கு, இன்னும் இருபத்திநாலு கிலோ வேணும். அனுமதி வந்துட்டா அடுத்த சனிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கழுவ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். குறைஞ்சது பதினஞ்சு தடவை அலசணும், அதனால ஆள் வேணும், பக்கெட்டும் வேணும். ரெண்டு பக்கெட் என்கிட்ட இருக்கு. செக்யூரிட்டி அண்ணா ஒண்ணு தரேன்னு சொல்லியிருக்கார்.